வேண்டுகோளிலிருந்து வரிசைக்கு: அமெரிக்க உறுப்பு மாற்றுச் சட்டத்தின் தோற்றம்

சட்டமொன்றின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் மன்ற விவாதங்களிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்குவர். ஆயின், 1984ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிறைவேறிய தேசிய உறுப்பு மாற்றுச் சட்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டின், நோயுற்ற குழந்தையொன்றின் அருகே காத்திருந்த பெற்றோரை முதலில் நோக்குதல் வேண்டும்.

பிறவியிலோ பிறந்த சில வாரங்களிலோ பித்தக்கான்கள் அடைபட்டு, பித்தம் ஈரலிலேயே தேங்கி அதனைச் சிதைக்கும் நோய் குழந்தைகளிடையே காணப்படுகின்றது. ஜப்பானிய வைத்தியர் கசாய் 1950களில் வகுத்த சத்திரசிகிச்சை சிலருக்குப் பயனளித்தது. அது பயனளிக்காதவிடத்து ஈரலை மாற்றுவதொன்றே வழி. 1963இல் டென்வர் நகரில் தோமஸ் ஸ்ராசல் மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு ஈரல் மாற்ற முயன்றபோது அக்குழந்தை இறந்தது. 1967இலேயே அவரது முயற்சி ஓரளவு வெற்றி கண்டது. எனினும், உடல் அந்நிய உறுப்பை நிராகரித்தமையால் நெடுநாள் உயிர்வாழ்ந்தோர் சிலரே. 1980ஐ அண்டிச் சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து பயனுக்கு வந்தபின் நிலைமை மாறிற்று.

நம்பிக்கை பிறந்ததோடு காத்திருப்பும் பிறந்தது எனலாம். சிறு குழந்தையின் வயிற்றுள் வளர்ந்தவரின் ஈரல் அடங்காது. ஆதலின், ஒரு பெற்றோரின் நம்பிக்கை வேறொரு பெற்றோரின் இழப்பையே சார்ந்திருந்தது. சிறுநீரகத்துக்குச் சில பிரதேச அமைப்புகள் இயங்கினவாயினும், எல்லா உறுப்புகளையும் நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தும் சட்டபூர்வமான ஏற்பாடு அன்று இருக்கவில்லை.

இச்சூழலிலேதான் 1982ஆம் ஆண்டு ஒக்ரோபரில், மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த தந்தையொருவர் நியூயோர்க்கில் கூடிய குழந்தை வைத்தியர்களின் மாநாட்டில் எழுந்து, தம் மகளுக்காக ஈரல் வேண்டினார். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அவ்வேண்டுகோளை நாடெங்கும் பரப்பின. சில நாட்களில், யூற்றா மாநிலத்தில் விபத்தில் இறந்த ஆண் குழந்தையொன்றின் பெற்றோர் ஈரலை வழங்க இசைந்தனர். நவம்பரில் மின்னசோட்டாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. பதினொரு மாதக் குழந்தை பிழைத்தது.

இவ்வெற்றி ஒரு வினாவையும் எழுப்பிற்று. அத்தந்தை வைத்தியசாலை நிருவாகத்தில் பணிபுரிந்தவர். எவரை அணுகவேண்டும் என்பதை அறிந்தவர். அத்தகைய தொடர்பற்ற கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு யார் குரல் கொடுப்பர்? பிற குடும்பங்களும் அவர் வழியையே பின்பற்றின. 1983 ஜூலையில் சனாதிபதி றேகனே தம் வானொலி உரையில் குழந்தையொன்றுக்காக ஈரல் வேண்டினார். படக்கருவியின் முன் தோன்றிய குழந்தையைவிடக் கடுமையாக நோயுற்ற குழந்தை வேறொரு விடுதியில் கிடந்திருக்கலாம். இதனை அளக்கும் கோல் எவரிடமும் இருக்கவில்லை. அதே ஆண்டில், வர்ஜீனியாவில் வைத்தியரொருவர் வறிய நாட்டாரிடமிருந்தும் சிறுநீரகங்களை விலைக்கு வாங்கி விற்கும் திட்டத்தை முன்வைத்தார். வேண்டுகோள் செல்வாக்குடையோர்க்கும், சந்தை பணமுடையோர்க்கும் துணைபோகும் என்பது தெளிவாயிற்று.

கொங்கிரஸ் உறுப்பினர் அல் கோர் தலைமையில் 1983இல் விசாரணைகள் நடைபெற்றன. மேற்கூறிய தந்தையும் சாட்சியமளித்தார். 1984 ஒக்ரோபர் 19இல் ஒப்பமிடப்பெற்ற சட்டம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்து, தேசிய வலையமைப்பொன்றுக்கு வழிவகுத்தது. அதனை நடத்தும் பொறுப்பு 1986இல் தனியார் இலாப நோக்கற்ற நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 2002இலிருந்து, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் முன்னுரிமை குருதிப் பரிசோதனை, வளர்ச்சிக் குறைவு முதலியவற்றைக் கொண்டு கணிக்கப்படலாயிற்று. நோயின் கடுமையே குழந்தைக்காகப் பேசவேண்டும் என்பது இதன் அடிப்படையாகும்.

எனினும், வரிசை நீதியை வழங்கலாமேயன்றி ஈரலை வழங்காது. 1989இல் பிரிஸ்பேனிலும் சிக்காகோவிலும் தாய்மார் தம் ஈரலின் ஒரு பகுதியைத் தம் குழந்தைகளுக்கு அளித்தமை, பிறிதொரு குழந்தையின் மரணத்துக்காகக் காத்திருக்கும் கொடுமையைச் சிறிது தணித்தது. சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்னும் வினாவுக்கோ 1984ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையான விடை கூறவில்லை.

தம் குழந்தைக்காக இரந்து நின்ற தந்தையைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. தந்தையரை அவ்வாறு இரக்கவைத்த சமூக ஒழுங்கே ஆராய்தற்குரியது. அவர் குரலைக் கேட்டோர் அவருக்கு உதவியதோடு அமையாது, குரலற்றோர்க்கும் இடமுள்ள ஒரு வரிசையை உருவாக்க முயன்றனர். இச்சட்டத்தின் வரலாற்று முக்கியத்துவம் இம்முயற்சியிலேயே தங்கியுள்ளது.