புகைப்போரும் புகைத்தடைச் சட்டமும்



2019 சனவரி 1 முதல் நம் மலேசிய நாட்டின் உணவகங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த தந்தை ஒருவர் என்னிடம் குமுறினார். "தே தாரேக் குடிச்சிட்டு நிம்மதியா ஊத முடியல டீச்சர். என் காசு, என் உடம்பு!" என்றார். சற்று நேரம் சென்று, மகனைப் பார்த்தவாறே, "இவன் மட்டும் இதத் தொடவே கூடாது" என்றார். ஒரே மனத்தில் இரண்டு எண்ணங்கள் இருந்ததை அன்று கண்டேன்.

புகையிலைக் கட்டுப்பாடு நமக்குப் புதிதன்று. 1993-இல் அதற்கான விதிமுறைகள் வந்தன. 2004-இல் அவை புதுப்பிக்கப்பட்டன; 'தாக் நாக்' இயக்கமும் அவ்வாண்டே தொடங்கியது. 2009 முதல் வெண்சுருட்டுப் பெட்டிகளில் நோய்ப் படங்கள் அச்சாயின. நான் அறிந்த புகைப்போர் பெட்டியைத் திருப்பி வைத்தார்களே தவிர, பெரிதாகச் சினம் கொள்ளவில்லை. பேருந்திலும் மருத்துவமனையிலும் புகைக்கக் கூடாது என்பதையும் ஏற்றுக்கொண்டனர்.

உணவகத் தடை அவ்வாறு இல்லை. மாலையில் நண்பர்களோடு கூடிப் பேசும் மேசையையே அது தொட்டது. எழுவர் இத்தடையை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றனர். 2019 அக்டோபரில் வழக்கு தள்ளுபடியானது. ஓராண்டு அறிவுறுத்தலுக்குப் பின், 2020 முதல் அபராதம் விதிக்கப்பட்டது. முணுமுணுத்தவர்கள் மெல்ல மெல்ல மூன்று மீட்டருக்கு அப்பால் நின்று புகைக்கப் பழகினர். இன்று அதுவே இயல்பாகிவிட்டது.

அத்தந்தையின் இரண்டாவது எண்ணம் என்னவாயிற்று? 2007 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தோருக்குப் புகைப்பொருள்களை ஒருபோதும் விற்கக் கூடாது என்னும் சட்ட மசோதா 2022-இல் நாடாளுமன்றத்திற்கு வந்தது. பிறந்த ஆண்டை வைத்து மக்களைப் பிரிப்பது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கொள்கைக்கு முரணாகலாம் என்ற கருத்து எழுந்தது. 2023-இல் அப்பகுதி இன்றியே சட்டம் நிறைவேறி, 2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கத் தடை உண்டு. அவ்வயதைக் கடந்தால் அத்தடை இல்லை.

எண்ணிப் பாருங்கள். தமக்கு எதிரானது என்று புகைப்போர் வெறுத்த தடை நிலைத்தது. தம் பிள்ளைக்காக அத்தந்தை விரும்பிய தடையோ நிலைக்கவில்லை. இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர் அனைவரும் 2007-க்குப் பின் பிறந்தவர்களே. சட்டம் விட்ட இடத்தில் நாம்தாம் நிற்கிறோம்.

வெண்சுருட்டு வாங்கிவரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் முன் புகைக்காதீர்கள். ஆசிரியர்களே, புகைக்கும் பெற்றோரைப் பழித்துப் பேச வேண்டா. "இவன் மட்டும் தொடவே கூடாது" என்று சொல்லும் அவர்தம் மனத்தோடு பேசுங்கள். அம்மனம் நம் பக்கமே இருக்கிறது.