சுவருக்கு வில்லங்கச் சான்று உண்டா?

நம்ம ஊர்ப் பக்கம் ஒருத்தர் பழைய வீடு வாங்கப் போகிறார் என்றால் முதலில் என்ன செய்வார்? சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். மூலப்பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது எல்லாம் கேட்பார். நல்ல விஷயம்தான். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான அடமானம் தெரியும், சுவரில் ஓடும் விரிசல் தெரியாது. அப்படியென்றால் அதைப் பார்ப்பது யார் பொறுப்பு?

இதற்குப் பதில் 1882லேயே எழுதியாகிவிட்டது நண்பர்களே! சொத்து மாற்றுச் சட்டம், 55வது பிரிவு. விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் அது மோசடி. சரி, கவனித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் குறை? அது வாங்கியவர் தலையில்தான். பி.காம் பாடத்தில் "வாங்குபவரே விழித்திரு" என்று படிக்கிறோமே, அது 1930ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் வருவது. வீட்டு விஷயத்திலும் ஏறக்குறைய அதே கதைதான்.

வெளிச்சுவரும் ஜன்னலும் எல்லோர் கண்ணிலும் படுபவை. ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிய, வீடு எந்தக் காலத்தில் கட்டியது என்று தெரியவேண்டும். இங்கேதான் வரலாறு வருகிறது.

விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை வந்தது 1880களில். பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தில் ஓடிய மில் அது. மில்லோடு சேர்ந்து ஊரும் வளர்ந்தது. அந்தக் காலத்துச் சுவர் என்றால் செங்கல்லோ கல்லோ வைத்து, மண் அல்லது சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும்.

1949ல் நம் மாவட்டத்திலேயே தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பித்தது. ஆனாலும் நினைத்தபடி சிமெண்ட் வாங்கிவிட முடியாது. விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982ல் பாதி தளர்ந்து, 1989ல்தான் முழுதாக நீங்கியது. அதனால் உள்ளே சுண்ணாம்பு, வெளியே மட்டும் சிமெண்ட் பூச்சு என்ற வீடுகளைப் பல ஊர்களில் பார்க்கலாம். இதில்தான் ஆபத்து. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், உப்புப் பூத்து, பூச்சு சுவரை விட்டு விலகும். காசால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஜன்னலும் அப்படித்தான். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் மரப்பலகையோ செங்கல் வளைவோ இருக்கும். கான்கிரீட் லிண்டலும் சன்ஷேடும் பிறகு வந்தவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் லிண்டலிலோ அஸ்திவாரத்திலோ கோளாறு இருக்கலாம். உடனே கொத்தனாரையோ இன்ஜினியரையோ கூட்டிவந்து காட்ட வேண்டும். மரச்சட்டத்தின் கீழ்மூலையில் ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்தலோ கறையானோ உண்டு. மழைத்தண்ணீர் வந்து நிற்பது அங்கேதான்.

நம் பக்கம் இரண்டு மழை. தென்மேற்குச் சாரல் மேற்குச் சுவரை நனைக்கும், ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்குப் பக்கத்தை நனைக்கும். இரண்டையும் சுற்றி வந்து பார்க்கணும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டிலும் விசாரிக்கணும். ஒரு பக்கத்துக்கு மட்டும் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குறைக்கு 5 வருடம் பொறுப்பு கொடுக்கிறதே என்று கேட்கலாம். அது புது வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு. தனி ஆளிடம் பழைய வீடு வாங்குகிறவருக்கு இன்றும் 1882தான் துணை.

முப்பது வருடம் மில்லில் நின்று சேர்த்த பி.எஃப். பணம் ஒரே கையெழுத்தில் சுவராக மாறுகிறது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஒழுகல், கறையான், விரிசல் உண்டா என்று கேட்டு, விற்பவர் சொல்லும் பதிலை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சுவருக்கு நாம் வாங்கக்கூடிய வில்லங்கச் சான்று அது ஒன்றுதான்.