இந்திய–வங்காளதேச உறவு நெருக்கடியும் திருப்பூரும் (2024–2025)

இந்திய–வங்காளதேச உறவு நெருக்கடி என்பது, 2024 ஆகஸ்ட் மாதம் வங்காளதேசத்தில் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து இரு அண்டை நாடுகளுக்கும் இடையே உருவான தூதரக, வணிகப் பிணக்கைக் குறிக்கும். ஒரு நாடு மற்றதன் உள்நாட்டு அரசியலில் தலையிடுகிறது என்ற குற்றச்சாட்டை இரு தரப்புமே முன்வைத்தன. 2025 இல் இப்பிணக்கு எல்லைச் சுங்கச் சாவடிகளில் நூலுக்கும் ஆயத்த ஆடைக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளாக மாறியது. இதனால் தமிழ்நாட்டின் திருப்பூர் பின்னலாடை வட்டாரமும் அதைச் சார்ந்த கொங்கு மண்டல நூற்பாலைகளும் நேரடியாகப் பாதிக்கப்பட்டன. அப்பாதிப்பு ஒரே வகையினதாக இருக்கவில்லை. ஆடை ஏற்றுமதியாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்த நெருக்கடி, நூல் ஏற்றுமதியாளர்களுக்கு இடராக அமைந்தது.

தலையிடாமைக் கொள்கை

பிற நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடாமை என்பது பன்னாட்டு உறவுகளின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். 1954 இல் இந்தியாவும் சீனாவும் ஏற்ற பஞ்சசீலக் கொள்கையிலும், 1970 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய நட்புறவுக் கோட்பாடுகள் பற்றிய சாற்றுதலிலும் இது இடம்பெற்றுள்ளது. எனினும் எது தலையீடு, எது நியாயமான கவலை என்பதில் நாடுகளிடையே கருத்தொற்றுமை இல்லை. நாடு கடந்து வந்த தலைவருக்குப் புகலிடம் அளித்தல், அண்டை நாட்டுச் சிறுபான்மையினர் பற்றி அறிக்கை விடுதல், தேர்தல் எவ்வாறு நடைபெற வேண்டும் எனக் கருத்துக் கூறுதல் ஆகியவை இந்த நெருக்கடியில் சர்ச்சைக்குள்ளாயின.

பின்னணி

1971 இல் வங்காளதேசம் உருவாவதில் இந்தியா முக்கியப் பங்கு வகித்தது. ஷேக் முஜிபுர் ரகுமானின் மகளான ஷேக் ஹசீனா தலைமையிலான அவாமி லீக் கட்சி, 2009 முதல் 2024 வரை தொடர்ந்து ஆட்சி செய்த காலத்தில் இரு நாடுகளின் உறவு மிக நெருக்கமாக இருந்தது. ஆனால் இந்தியா ஒரு கட்சியையே ஆதரிக்கிறது என்ற எண்ணமும் வங்காளதேசத்தில் வளர்ந்தது. 2013 டிசம்பரில் டாக்கா சென்ற இந்திய வெளியுறவுச் செயலர் சுஜாதா சிங், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த தேர்தலில் பங்கேற்குமாறு தம்மை வலியுறுத்தினார் என்று முன்னாள் அதிபர் எர்ஷாத் கூறினார். 2022 ஆகஸ்டில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் அப்துல் மோமன், ஹசீனா அரசு நீடிக்கத் தேவையானதைச் செய்யுமாறு இந்தியாவைக் கேட்டுக்கொண்டதாகப் பொதுமேடையில் பேசியது பெரும் சர்ச்சையானது. எதிர்க்கட்சியான வங்காளதேசத் தேசியவாதக் கட்சி புறக்கணித்த 2024 ஜனவரித் தேர்தலுக்குப் பின், இந்தியப் பொருட்களைப் புறக்கணிக்கக் கோரும் இயக்கமும் நடைபெற்றது.

ஆட்சி மாற்றமும் தூதரக மோதல்களும்

அரசுப் பணி இட ஒதுக்கீட்டை எதிர்த்து 2024 ஜூலையில் வலுப்பெற்ற மாணவர் போராட்டம், ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியாக மாறியது. 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்கு வந்தார். ஆகஸ்ட் 8 அன்று நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் முகம்மது யூனுஸ் இடைக்கால அரசின் தலைமை ஆலோசகராகப் பொறுப்பேற்றார். இதன்பின் நிகழ்ந்த முக்கிய மோதல்கள் வருமாறு:

• 2024 நவம்பர் 25 அன்று இந்துத் துறவி சின்மய் கிருஷ்ண தாஸ் கைது செய்யப்பட்டார். இந்தியா கவலை தெரிவித்தது. அது தமது உள்நாட்டு விவகாரம் என வங்காளதேசம் மறுமொழி கூறியது. டிசம்பர் 2 அன்று அகர்தலாவில் உள்ள வங்காளதேசத் துணைத் தூதரக வளாகத்தினுள் போராட்டக்காரர்கள் நுழைந்தனர். இந்நிகழ்வுக்கு இந்தியா வருத்தம் தெரிவித்தது.
• 2024 டிசம்பர் 23 அன்று ஹசீனாவை ஒப்படைக்குமாறு வங்காளதேசம் முறைப்படி கோரியது. 2013 இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்தில், அரசியல் தன்மையுடைய குற்றங்களுக்கு விலக்கு உண்டு. ஆயினும் கொலை முதலிய குற்றங்களுக்கு அவ்விலக்குப் பொருந்தாது.
• 2025 பெப்ரவரி 5 அன்று ஹசீனா இணையவழி உரையாற்றிய வேளையில், டாக்காவின் தான்மண்டி பகுதியில் இருந்த முஜிபுர் ரகுமானின் இல்லம் இடிக்கப்பட்டது. இந்திய மண்ணிலிருந்து அவர் பேசுவதற்கு வங்காளதேசம் எதிர்ப்புத் தெரிவித்தது. அவர் தனிப்பட்ட நிலையில் பேசுகிறார் என்று இந்தியா விளக்கமளித்தது.
• 2025 ஏப்ரலில் மேற்கு வங்காளத்தின் முர்சிதாபாத் மாவட்டத்தில் நடந்த வன்முறையைத் தொடர்ந்து, முஸ்லிம்களைப் பாதுகாக்குமாறு வங்காளதேசம் கேட்டுக்கொண்டது. இம்முறை அக்கருத்தைத் தேவையற்றதெனத் தள்ளியது இந்தியா.
• 2025 மே மாதம் அவாமி லீக் கட்சியின் செயல்பாடுகள் தடை செய்யப்பட்டன. இந்தியா கவலை தெரிவித்தபோது, தேர்தல் தமது உள்நாட்டு விவகாரம் என்று இடைக்கால அரசு கூறியது. ஆகஸ்ட் மாதம், இந்தியாவில் இயங்குவதாகக் கூறப்பட்ட அவாமி லீக் அலுவலகங்களை மூடுமாறு வங்காளதேசம் கோரியது. அத்தகைய செயல்பாடு எதுவும் தனக்குத் தெரியாது என இந்தியா மறுத்தது.
• 2025 நவம்பர் 17 அன்று டாக்காவில் உள்ள பன்னாட்டுக் குற்றத் தீர்ப்பாயம் ஹசீனாவுக்கு, அவர் நேரில் இல்லாத நிலையில், மரண தண்டனை விதித்தது. அதன்பின் ஒப்படைப்புக் கோரிக்கை மீண்டும் எழுப்பப்பட்டது.

வணிகக் கட்டுப்பாடுகள்

2025 மார்ச் இறுதியில் சீனா சென்ற யூனுஸ், இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்கள் கடல்வழி அற்றவை என்றும் அப்பகுதிக்குக் கடலின் காவலர் வங்காளதேசமே என்றும் பேசியது இந்தியாவில் கடும் எதிர்ப்பை உண்டாக்கியது. ஏப்ரல் 4 அன்று பாங்காக்கில் அவரும் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியும் சந்தித்தனர். அதற்கு நான்கு நாட்கள் கழித்து முதல் கட்டுப்பாடு வந்தது.

• ஏப்ரல் 8: வங்காளதேசச் சரக்குகள் இந்தியத் துறைமுகங்கள், வானூர்தி நிலையங்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குச் செல்ல 2020 முதல் வழங்கப்பட்ட வசதியை இந்தியா விலக்கிக் கொண்டது. நேபாளம், பூட்டான் செல்லும் சரக்குகளுக்கு இது பொருந்தாது. நிலையங்களில் ஏற்பட்ட நெரிசலே காரணம் என இந்திய அரசு கூறியது. இந்திய ஆடை ஏற்றுமதியாளர்கள் இக்கோரிக்கையை முன்பே எழுப்பியிருந்தனர்.
• ஏப்ரல் நடுப்பகுதி: பேனாபோல், போம்ரா, சோனாமஸ்ஜித், பங்களாபந்தா, புரிமாரி ஆகிய நிலத் துறைமுகங்கள் வழியாக நூல் இறக்குமதி செய்வதை வங்காளதேசம் நிறுத்தியது. எல்லைவழி வரும் மலிவான நூல் உள்நாட்டு ஆலைகளை நலிவடையச் செய்கிறது என அந்நாட்டு நூற்பாலைச் சங்கம் முறையிட்டு வந்தது.
• மே 17: வங்காளதேச ஆயத்த ஆடைகள் நவசேவா, கொல்கத்தா ஆகிய இரு கடல் துறைமுகங்கள் வழியாக மட்டுமே இறக்குமதியாகலாம் என இந்தியா அறிவித்தது. அதுவரை ஆண்டுக்கு ஏறத்தாழ 70 கோடி டாலர் மதிப்புள்ள ஆடைகள், பெரும்பாலும் தரைவழியே இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தன.
• ஜூன், ஆகஸ்ட்: சணல் பொருட்களின் தரைவழி இறக்குமதிக்கும் இந்தியா கட்டுப்பாடு விதித்தது.

திருப்பூர் மீதான தாக்கம்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் நகரமாகும். நிட்டிங், சாயமிடல், பிரிண்டிங், கட்டிங், தையல் ஆகிய பணிகள் தனித்தனிச் சிறு நிறுவனங்களில் ஜாப் ஒர்க் முறையில் நடைபெறுகின்றன. இவ்வட்டாரத்துக்கு வங்காளதேசம் ஒரே வேளையில் போட்டியாளராகவும் வாடிக்கையாளராகவும் விளங்குகிறது.

ஏற்றுமதி ஆடை

2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊரடங்கு, இணையத் துண்டிப்பு, ஆலை அடைப்பு ஆகியவற்றால் வங்காளதேசத்தில் உற்பத்தி தடைப்பட்டபோது, வெளிநாட்டு வணிகர்களின் விசாரணைகள் திருப்பூருக்கு அதிகரித்தன. 2023–24 இல் ஏறத்தாழ 33,000 கோடி ரூபாயாக இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி, 2024–25 இல் 40,000 கோடி ரூபாயை நெருங்கியது. இவ்வளர்ச்சிக்கு அண்டை நாட்டின் நெருக்கடி ஒரு காரணம் மட்டுமே.

இவ்வாய்ப்புக்கு வரம்புகளும் இருந்தன. மிகவும் வளர்ச்சி குன்றிய நாடு என்ற தகுதியால் வங்காளதேச ஆடைகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001 முதல் சுங்கவரி இன்றி விற்கப்பட்டன. 2024–25 இல் இந்திய ஆடைகளுக்கு அங்கு பத்து விழுக்காட்டை ஒட்டிய வரி இருந்தது. மேலும் 2025 ஆகஸ்ட் 27 அன்று ஐக்கிய அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. வங்காளதேசத்துக்கு அப்போது விதிக்கப்பட்டது 20 விழுக்காடு. இதனால் ஓராண்டுக்கு முன் திருப்பூரை நோக்கி வந்த அமெரிக்க வணிகர்களுக்கு வங்காளதேசம் மீண்டும் மலிவான இடமாயிற்று.

நூற்பாலைகள்

இந்தியப் பருத்தி நூலுக்கு வங்காளதேசமே மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தையாக விளங்கியது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார ஆலைகளும் அங்கு நூல் அனுப்பி வந்தன. ஏப்ரல் தடை கடல்வழி இறக்குமதிக்குப் பொருந்தாது. எனினும் தரைவழியில் சிறு அளவுகளில் விரைவாக அனுப்ப முடிந்த வசதி இல்லாமற்போனது. கடல்வழிக்குக் கொள்கலன் அளவிலான சரக்கும் கூடுதல் நாட்களும் தேவைப்பட்டன.

நூற்பாலைகளின் நலனும் ஆடை உற்பத்தியாளர்களின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நூல் ஏற்றுமதி கூடும்போது உள்நாட்டில் ஒசைரி நூலின் விலை உயர்கிறது. 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூர் நிறுவனங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பஞ்சு, நூல் ஏற்றுமதிக்குத் தடை விதிக்க வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. எனவே டாக்கா விதிக்கும் நூல் தடை, ஓர் ஆலைக்கு இழப்பாகவும் அடுத்த தெருவில் உள்ள பனியன் நிறுவனத்துக்கு ஆறுதலாகவும் அமையக்கூடும்.

உள்நாட்டுச் சந்தை

2011 இல் இந்தியா, தெற்காசியத் தடையிலா வணிக ஒப்பந்தத்தின்கீழ் வங்காளதேச ஆடைகளுக்கு வரிவிலக்கு அளித்தது. அதுமுதல் மலிவான இறக்குமதியால் பாதிக்கப்படுவதாக உள்நாட்டுப் பனியன் உற்பத்தியாளர்கள் கூறி வந்தனர். சீனத் துணியில் தைக்கப்பட்ட ஆடைகள் வங்காளதேசம் வழியாக வரியின்றி நுழைகின்றன என்பதும் அவர்களது முறையீடு. மே 2025 அறிவிப்பு வரிவிலக்கை நீக்கவில்லை. வழியை மட்டுமே மாற்றி, இறக்குமதியின் செலவையும் காலத்தையும் கூட்டியது.

தொழிலாளர்

திருப்பூரின் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் வட, கிழக்கு இந்திய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். உரிய ஆவணமின்றித் தங்கியிருந்ததாக வங்காளதேசத்தவர் சிலர் முன்னரும் இங்கு கைது செய்யப்பட்டுள்ளனர். 2025 ஜனவரியில் பல்லடம் உள்ளிட்ட பகுதிகளில் காவல்துறையினரின் சோதனைகள் தீவிரமடைந்து பலர் கைதாயினர். மேற்கு வங்காளத்திலிருந்து வந்து பணிபுரியும் இந்தியக் குடிமக்களும் அதே வங்காள மொழியையே பேசுவதால், அடையாள ஆவணம் அவர்களுக்கு முன்னைவிட இன்றியமையாததாயிற்று.

முக்கியத்துவம்

2025 இன் கட்டுப்பாடுகளுக்கு இரு அரசுகளும் நெரிசல், உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு ஆகிய காரணங்களையே பெரிதும் கூறின. எனினும் அவை வந்த காலமும் வரிசையும் அரசியல் பிணக்கோடு இணைத்தே நோக்கப்படுகின்றன. தலையீடு பற்றிய தகராறு தூதரகங்களில் தீர்வு காணாமல் நீண்டபோது, அதன் செலவு நூல் மூட்டையிலும் ஆடைப் பெட்டியிலும் ஏறியது. பருத்தி நூலை இந்தியாவில் நூற்று, வங்காளதேசத்தில் தைத்து, மேற்கு நாடுகளில் விற்கும் தொடரில் இரு நாடுகளின் தொழில்களும் பிணைந்திருப்பதால், ஒன்றின் முடக்கம் மற்றதன் முழு ஆதாயமாக மாறுவதில்லை என்பதைத் திருப்பூர் வட்டாரத்தின் பட்டறிவு காட்டுகிறது.