திருவைந்தெழுத்து

சிவபெருமானை வழிபடுவோர் ஓதும் மந்திரங்களுள் தலையாயது 'நமசிவாய'. ஐந்து எழுத்துகளால் ஆனமையால் திருவைந்தெழுத்து, அஞ்செழுத்து, பஞ்சாட்சரம் என்றெல்லாம் வழங்கப்படுகிறது. இதன் மூலம் வேதத்தில் உள்ளது; விரிவான விளக்கம் ஆகமங்களிலும் சைவ சித்தாந்த நூல்களிலும் உள்ளது. எனினும், வேள்விச் சாலையிலும் குருவின் உபதேசத்திலும் அடங்கியிருந்திருக்கக்கூடிய ஒரு மந்திரம் எளிய மக்களின் நாவில் ஏறியதற்குக் காரணம் 7ஆம் நூற்றாண்டு முதல் எழுந்த தமிழ்ப் பதிகங்களே என்று கொள்வதுதான் சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சங்கிதை ஏழு காண்டங்களை உடையது. நடுவிலுள்ள நான்காம் காண்டத்தில் ஸ்ரீருத்திரம் அமைந்திருக்கிறது. அதன் 11 அனுவாகங்களுள் எட்டாவதில் ஐந்தெழுத்து வருகிறது. வேதத்தின் இதயத்தில் வைக்கப்பட்ட மணி என்று சைவர்கள் இதைப் போற்றுவது இந்த இடத்தை எண்ணித்தான். அப்படியானால் தமிழ்ப் பதிகங்கள் புதிதாக என்ன செய்தன, இருந்ததைத்தானே திரும்பச் சொல்லின என்று கேட்கலாம். ஸ்ரீருத்திரத்தைப் படிப்பவர்களுக்கு விடை தெரியும். வில்லேந்தியவனாக, காடுகளின் தலைவனாக, தச்சனாக, குயவனாக, வேடனாக, கள்வர்களுக்கும் தலைவனாக உருத்திரனைக் கண்டு கண்டு வணங்கும் நெடிய வணக்க வரிசை அது. அந்த வரிசையில் ஐந்தெழுத்தும் ஒரு வணக்கம். அதைத் தனியே பிரித்தெடுத்து உருவேற்ற வேண்டும் என்ற குறிப்பு அங்கே இல்லை. வேதத் தொடர்பை மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. நான்கு வேதங்களின் மெய்ப்பொருள் இதுவே என்று தேவாரம் பாடியோருள் ஒருவரான சம்பந்தரே உரிமையோடு பாடுகிறார். வித்து அங்கே கிடந்தது, முளைத்த நிலம் வேறு.

சம்பந்தர் இம்மந்திரத்தின்மேல் இரண்டு பதிகங்கள் பாடினார். அப்பர் ஒன்று பாடினார். கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டபோது அதைப் பாடித் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறினார் என்பது பெரியபுராணம் தரும் வரலாறு. சுந்தரர் கொங்குநாட்டுத் திருப்பாண்டிக்கொடுமுடியில் ஒன்று பாடினார். மாணிக்கவாசகரின் சிவபுராணமோ ஐந்தெழுத்தை வாழ்த்தியே தொடங்குகிறது. இவற்றின் பொருளை வியப்பவர்கள் பலர். யாப்பை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தேவாரத்தின் இந்த நான்கு பதிகங்களிலும் இறுதிப் பாட்டு நீங்கலாக ஒவ்வொரு பாட்டும் ஐந்தெழுத்திலோ 'அஞ்செழுத்து' என்னும் அதன் பெயரிலோ வந்து முடிகிறது. ஒரு பதிகத்தைப் பாடி முடிப்பவர், தாம் செபம் செய்கிறோம் என்று எண்ணாமலே பல முறை அதைச் சொல்லிவிடுகிறார். எண்ணுவதற்கு உருத்திராக்க மாலை வேண்டாம், பண் போதும். பாட்டையும் செபத்தையும் ஒன்றாக்கிய இந்த அமைப்பை ஓதுவார்களின் குரலில் இன்றும் கேட்கலாம். பக்தி இயக்கம் செய்த மிகப் பெரிய காரியங்களுள் இது ஒன்று.

பதிகங்கள் மந்திரத்தை எளிய மக்களிடம் சேர்த்தன என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆகம மரபில் மந்திரம் குருவின் வாயால் தீட்சையின் வழி பெற வேண்டியது. ஆகவே பதிகங்களும் தீட்சை பெற்றவர்களை நோக்கியே பாடப்பட்டிருக்கும் என்பர். பதிகங்களின் உள்ளடக்கம் இதற்கு இடம் தரவில்லை. கொலை செய்பவராயினும், நற்குணம் ஏதும் இல்லாதவராயினும் இதைச் சொல்வாராயின் தீமை நீங்கும் என்கிறார் சம்பந்தர். தகுதி பார்த்துக் கொடுக்கும் மந்திரத்தைப் பற்றி ஒருவர் பேசும் பேச்சு இதுவன்று. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் ஆனாய நாயனார் கதையும் இத்துடன் எண்ணத்தக்கது. மாடு மேய்க்கும் ஆயர் ஒருவர் ஐந்தெழுத்தைக் குழலில் இசைக்க, இறைவன் காட்சி தருகிறான். பிற்காலத்து நூலாதலால் அதை நாயனார் காலத்து நிகழ்ச்சிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் சோழர் காலச் சைவம் இந்த எளிய வழியை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. தீட்சை நெறியும் மறைந்துவிடவில்லை. இரண்டும் அருகருகே ஓடின.

பதிகங்களுக்குப் பின் வந்த சைவ சித்தாந்தச் சாத்திர காலம் எழுத்துகளுக்குத் தத்துவம் வகுத்தது. சி சிவம், வ அருள், ய உயிர், ந மறைப்பு, ம மலம் என்பது சித்தாந்தக் கணக்கு. உயிர் நடுவே நிற்கிறது. ஒரு பக்கம் அருளும் சிவமும், மறுபக்கம் மறைப்பும் மலமும். ந, ம முன்னிற்க ஓதுவது தூலம். சிகரத்தை முன்வைத்துச் 'சிவாயநம' என ஓதுவது சூக்குமம். பிறவி நீங்க விரும்புவோர் அப்படியே ஓதுக என்பது உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் காட்டும் வழி. உண்மை விளக்கம் என்னும் சித்தாந்த நூலோ இவ்வெழுத்துகளைத் தில்லைக் கூத்தனின் திருமேனியிலேயே கண்டது: துடி ஏந்திய கை சி, வீசிய கை வ, அபயக் கை ய, தீ ஏந்திய கை ந, முயலகனை ஊன்றிய இடம் ம. கண்ணால் காணும் திருவுருவும் நாவால் ஓதும் மந்திரமும் ஒன்றே என்று இவ்வளவு நேராகச் சொன்ன நூல் அரிது.

திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் வாய்ப்பழக்கம் என்னும் குறை புறத்திலிருந்து மட்டும் வந்ததன்று. நட்ட கல்லைச் சுற்றி முணுமுணுப்பவர்களைச் சித்தர் சிவவாக்கியர் கடிந்தார். அவரே ஐந்தெழுத்தைப் பல பாடல்களில் உருகிப் பாடியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் வெறுத்தது உள்ளம் சேராத சடங்கைத்தான் என்பது விளங்கும். செப முறையும் அதையே ஏற்கிறது. பிறர் கேட்கச் சொல்வதைவிடத் தன் செவிக்கு மட்டும் கேட்கச் சொல்வதும், அதைவிட மனத்தால் எண்ணுவதும் உயர்ந்தவை என்பது அதன் வரிசை.

தமிழகத்துக்கு அப்பால், கன்னட வீரசைவரும் இம்மந்திரத்தை நெறியின் எட்டுக் காவல்களுள் ஒன்றாகக் கொண்டனர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையில் ஐந்தெழுத்துச் செபத்துக்குத் தனி இயல் வகுத்து, புலாலும் மதுவும் நீக்கித் தீட்சை பெற்றவரே அதற்கு உரியவர் என்று வரையறுத்தார். பெரியபுராணத்தை உரைநடையாக்கி 1852இல் அச்சிட்டு, ஆனாயர் குழலில் ஐந்தெழுத்தை இசைத்த கதையை எழுத்தறிந்த எவரும் படிக்கத் தந்தவரும் அவரே.