கமான் பட்டையிலிருந்து நான்கு லிங்க் வரை

திண்டுக்கல் ஊருக்குப் பெயரும் அடையாளமுமான மொட்டைப் பாறையின்மீது 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை கட்டத் தொடங்கினார். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1755-இல், மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் அலி இந்தச் சீமைக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் தேர்ந்த கைவினைஞர்களை வைத்து இங்கே பீரங்கிப் படையையும் ஆயுதச்சாலையையும் உருவாக்கினார். பீரங்கி என்றால் வெறும் குழல் அல்ல. அதைத் தூக்கிச் செல்லும் சக்கர வண்டியும் சேர்ந்ததுதான். அந்த வண்டிகளுக்கு வில் கிடையாது. அச்சு நேரே மரச்சட்டத்தோடு இறுகியிருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியே சாயும், மறு சக்கரத்தில் பாரம் குவியும், மிச்சத்தை மாடுகளின் கழுத்து தாங்கும். சமவெளியின் கட்டை வண்டியும் அப்படித்தான் ஓடியது.

கரடான நிலத்தில் எல்லாச் சக்கரமும் தரையை விடாமல் இருக்க என்ன வழி? இன்றைக்கு இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஒரு பொம்மையில் இருக்கிறது. ரேடியோ ரிமோட்டில் ஓடும் ‘ராக் கிராலர்’ என்கிற, பத்தில் ஒரு பங்கு அளவிலான வண்டி அது. வேகம் அதன் வேலை அல்ல. ஆமை நடையில் பாறைமேல் ஏறி இறங்குவதுதான் வேலை. அதன் ஒவ்வொரு ஆக்சிலையும் சாசியோடு சேர்த்துப் பிடித்திருப்பவை நான்கு கம்பிகள். அவற்றுக்கு ‘லிங்க்’ என்று பெயர்.

லிங்க்குக்கு முன்னால் கமான் பட்டை. நீளத்தில் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் கட்டி, வில்லாக வளைத்த அமைப்பு அது. ஜட்காவிலும் இருந்தது, பிறகு பஸ்ஸிலும் லாரியிலும் வந்தது. 1914 வாக்கில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து கோடைக்கானலுக்கு மலைச்சாலை அமைந்தது. அதுவரை மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மனிதர்கள் தோளில் சுமந்த பாரத்தை, சாலை வந்தபின் கமான் பட்டை சுமந்தது. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த ஜீப்பின் நான்கு மூலையிலும் கமான் பட்டையே. மலைக் கிராமங்களுக்குப் போன ஜீப்புகள் பல பத்தாண்டுகள் அந்தப் பட்டைகளின் பலத்தில்தான் ஏறின. முறிந்த பட்டைகூட வீணாவதில்லை. கொல்லர் உலைக்குப் போய் அரிவாளாகிவிடும், அவ்வளவு நல்ல எஃகு.

கமான் பட்டையின் பெருமையும் குறையும் ஒன்றேதான்: எல்லா வேலையையும் அது ஒன்றே செய்கிறது. பாரம் தாங்குவதும் அதுதான், ஆக்சில் முன்பின் நகராமல், பக்கவாட்டில் ஒதுங்காமல் பிடிப்பதும் அதுதான். எஞ்சின் சக்கரத்தைத் திருக, ஆக்சில் எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும்; அதைத் தடுப்பதும் அதே பட்டைதான். மெத்தென்று இருக்கட்டும் என்று பட்டையைக் குறைத்தால், பாறையில் அழுத்தம் கொடுக்கும்போது அது எஸ் எழுத்துபோல நெளிந்து, டயர் துள்ளும். நெளியக் கூடாதென்று பட்டையைக் கூட்டினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காது, அந்தரத்தில் சுழலும்.

இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்ததுதான் பெரிய திருப்பம். பாரத்தைச் சுருள் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளட்டும், ஆக்சிலைப் பிடிக்கிற வேலையைக் கம்பிகள் பார்க்கட்டும் என்ற யோசனை பழையதுதான். காட்டுப்பாதை வண்டியில் அதைப் பேர்பெற வைத்தது 1970-இல் இங்கிலாந்தில் வந்த ரேஞ்ச் ரோவர். முன்னால் இரண்டு கைகளும் ஒரு குறுக்குக் கம்பியும், பின்னால் கீழே இரண்டு கம்பிகளும் மேலே ஏ வடிவச் சட்டமும் வைத்தார்கள். ஜீப் ராங்லருக்குச் சுருள் ஸ்பிரிங்கும் லிங்க்கும் வர 1996 ஆகிவிட்டது.

பொம்மை உலகமும் இதே வழியில்தான் நடந்தது, பட்டையையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானின் டமியா நிறுவனம் 1981-இல் வெளியிட்ட டொயோட்டா பிக்கப்பில் குட்டிக் குட்டிக் கமான் பட்டைகளே இருந்தன. 1987-இல் அதே நிறுவனம் ‘கிளாட் பஸ்டர்’ என்ற பெரிய சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. ஆக்சிலுக்கு ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். அது பாறைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் அமெரிக்க ஆர்வலர்கள் அதன் ஆக்சில்களைக் கழற்றி, தாங்களே வெட்டிய சாசியில் நீளமான லிங்க்குகள் போட்டுப் பாறையில் ஏற்றினார்கள். தாங்களே செய்துகொண்ட இந்த வண்டிகளுக்குப் பின்னால்தான் கடைச் சரக்கு வந்தது. 2007-இல் கலிபோர்னியாவின் ஆக்சியல் நிறுவனம் ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் என்ற கிராலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது; அதன் எஸ்சிஎக்ஸ்10 வரிசை 2009-இல் தொடங்கியது.

லிங்க்கைப் பூட்டுகிற வேலை பார்க்க எளிது, செய்ய நிதானம் வேண்டும். ஆக்சிலுக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ் லிங்க்குகள் பெரும்பாலும் நீளவாக்கில் போகும். மேல் லிங்க்குகள் முக்கோணமாக ஒன்றை ஒன்று நெருங்கிச் செல்லும். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகரவிடாமல் நிறுத்துவது அந்த முக்கோணம்தான். முன்பக்கம் ஸ்டியரிங்குக்கு இடம் வேண்டி மேலே ஒரு லிங்க்கை எடுத்துவிட்டால், அந்த வேலைக்குக் குறுக்குக் கம்பி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு லிங்க்கின் முனையிலும் ஒரு குண்டு, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கண். அளப்பது கண்ணின் மையத்திலிருந்து மையத்துக்கு. இடமும் வலமும் இம்மி பிசகக் கூடாது. பிசகினால் ஆக்சில் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திருகுமரை இங்கே பெரிய உதவி. எம்4 மரையில் ஒரு சுற்று 0.7 மில்லிமீட்டர், எம்3 மரையில் 0.5. ஒரு முனை வல மரை, மறுமுனை இட மரை என்றால் கழற்றாமலே நடுவில் பிடித்துத் திருகி நீளம் மாற்றலாம். அப்போது ஒரு சுற்றுக்கு இரட்டிப்பு நகர்வு. மேல் லிங்க்கின் நீளம் மாறினால் ஆக்சில் தன் அச்சில் திரும்பும். பின்பக்கம் அது டிரைவ் ஷாஃப்ட் நுழையும் கோணத்தை மாற்றும். முன்பக்கம் ஸ்டியரிங்கின் சாய்வையும் சேர்த்து மாற்றும்.

சுருள் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு ஆக்சிலைக் கையால் மேலும் கீழும், கோணலாகவும் அசைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர் என்று சொல்லலாம். எங்கே இடிக்கிறது, எந்தக் கண் இறுகுகிறது, டிரைவ் ஷாஃப்ட் நீளம் போதுமா என்று கைக்கு அப்போதுதான் தெரியும். திண்டுக்கல் பூட்டுக்காரர் லீவர்களைச் சிறுகச் சிறுக அராவி, சிக்காமலும் ஆடாமலும் சாவிக்கு இணங்கவைக்கும் அதே பக்குவம் இது.

பிறகுதான் துளை தேர்வு. சாசியில் மேல் லிங்க்குக்கு இரண்டு மூன்று துளைகள் இருக்கும். பின் ஆக்சிலில் சாசிப் பக்க முனையை ஒரு துளை கீழே இறக்கினால், பக்கத்திலிருந்து பார்க்கையில் மேல், கீழ் லிங்க்குகளின் நேர்கோடுகள் இன்னும் கிட்டத்தில் சந்திக்கும். ஏற்றத்தில் அழுத்தம் கொடுக்கும்போது வண்டியின் பின்பாகம் உட்காராமல் நிமிரும். இதுவே அளவு மீறினால் சாசி எழும்பி, டயர் துள்ளத் தொடங்கும். துளையை மேலே ஏற்றினால் பின்பாகம் தாழ்ந்து, முன்சக்கரம் பிடி இழக்கும். சரியான துளை காகிதத்தில் ஓரளவுதான் கிடைக்கும். மீதியைப் பாறைதான் சொல்லும். கீழ் லிங்க் நேராக இருந்து கல்லில் மாட்டிக்கொள்கிறதென்றால், நடுவில் மேல்நோக்கி வளைந்த லிங்க்கைப் போடுவார்கள்.

பெரிய வண்டிகள் இங்கே இந்த ஏற்பாட்டுக்கு மெதுவாகத்தான் வந்தன. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி கடைசிவரை கமான் பட்டையில்தான் ஓடியது. 2010-இன் மகிந்திரா தாருக்குப் பின்னால் பட்டை; 2020-இன் புதிய தாருக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங்கும் லிங்க்குகளும். 2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில், இரண்டுக்கும் மூன்று லிங்க். ஆக்சியல் வண்டியைப் பூட்டிப் பழகிய ஒரு பையன் ஜிம்னிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் எதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், கம்பெனி லிங்க்குகளின் நீளம் மாறாது. உயரம் கூட்ட நீளமான ஸ்பிரிங் போட்டவுடன் குறுக்குக் கம்பி வில்வட்டத்தில் நகர்ந்து ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். அதைச் சரிசெய்யத் திருகி நீளம் மாற்றக்கூடிய கம்பி ஒன்றைத் தனியாக வாங்கிப் போட வேண்டும்.