நீர்மக் கலவையின் உள்ளே: ஒளி, ஒலி, நியூட்ரான்

சேரப்பணஞ்சேரியை ஒட்டிய ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து வெளிவரும் கார்களின் ரேடியேட்டரில் கூலன்ட் ஓடுகிறது. பெரும்பாலும் அது நீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்தது. தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். தூய கிளைக்கால் மைனஸ் 13ஐ ஒட்டி உறையும். சரிபாதியாகக் கலந்தாலோ உறைநிலை மைனஸ் 37 வரை இறங்கிவிடும். எத்தனாலில் இன்னொரு வியப்பு: 50 மில்லி எத்தனாலோடு 50 மில்லி நீரைச் சேர்த்தால் 100 மில்லி கிடைக்காது, ஏறத்தாழ 96 அல்லது 97தான். கலவைக்குள் எந்த மூலக்கூறுக்கு எது அண்டை? இந்தக் கேள்வியின் வரலாற்றில் தமிழகத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு.

1923இல் கொல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. ஆர். ராமநாதனும் திரவங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதை ஆராய்ந்தனர். படத்தில் விழும் மங்கலான வளையத்தை மூலக்கூறுகளின் இடைவெளியோடு இணைத்து, திரவத்துக்குள்ளும் ஓரளவு ஒழுங்கு உண்டு என்ற கருத்துக்கு அவர்கள் வலுச்சேர்த்தனர். 1928இல் ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறலும் தூய்மையாக்கிய திரவங்களில்தான் வெளிப்பட்டது. கலவையில் ஹைட்ரஜன் பிணைப்பு வலுத்தாலோ தளர்ந்தாலோ ராமன் நிறமாலையின் பட்டைகள் இடம்பெயர்கின்றன, அகல்கின்றன. அண்டை மூலக்கூறு மாறியதற்கு அதுவே நேரடித் தடயம்.

அடுத்து வந்தது ஒலி. மீயொலி அலை பாயும் திரவத்தில் ஒளி விளிம்பு விலகுவதற்கான கோட்பாட்டை 1935-36இல் ராமனும் நாகேந்திர நாத்தும் பெங்களூரில் உருவாக்கினர். ஒலிவேகத்தையும் மூலக்கூறு அமைப்பையும் இணைத்து எம். ராமராவ் 1940ஐ ஒட்டி ஒரு தொடர்பைக் கண்டார். இந்த மரபு தமிழகக் கல்லூரி இயற்பியல் துறைகளில் ஆழமாக வேரூன்றியது. மீயொலிக் குறுக்கீட்டுமானியில் வேகத்தையும், தனியே அடர்த்தியையும் அளந்து, அமுக்கத்தன்மையைக் கணக்கிட்டு, அது எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் 'மூலக்கூறுகள் வலுவாகப் பிணைந்துள்ளன' என்று முடிவெழுதுவது வழக்கமானது. எளிய கருவியில் கிடைத்த அந்த அளவீடுகளை நான் மதிக்கிறேன். ஆனால் முடிவில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒலி சொல்வது மொத்தத் திரவத்தின் நடத்தையை. ஒரே எண்ணுக்குப் பல மூலக்கூறு அமைப்புகள் பொருந்தும்.

அந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் ஆல்கஹாலிலேயே இருக்கிறது. ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது என்ட்ரோபி எதிர்பார்த்த அளவுக்கு உயர்வதில்லை. ஆல்கஹாலின் எண்ணெய்த்தன்மையுள்ள முனையைச் சுற்றி நீர் பனிக்கட்டிபோல ஒழுங்காகிறது என்று, 1945இல் பிராங்க்கும் எவன்ஸும் முன்வைத்த கருத்தைக் கொண்டு அதை நெடுநாள் விளக்கினர். 2002இல் டிக்சிட்டும் சக ஆய்வாளர்களும் செறிந்த மெத்தனால்-நீர்க் கலவையை நியூட்ரான் சிதறல் மூலம் ஆராய்ந்து வேறொரு காட்சியைக் கண்டனர்: கண்ணுக்கு முற்றும் கலந்த அந்தத் திரவம் மூலக்கூறு மட்டத்தில் முழுமையாகக் கலக்கவே இல்லை. நீர் மூலக்கூறுகள் சிறு கூட்டங்களாகவும் சரங்களாகவும் மெத்தனாலுக்கு இடையே தனித்து நின்றன. அளந்த எண் மாறவில்லை, விளக்கம்தான் மாறியது.

கரைபொருளைக் கரைப்பான் சூழ்ந்துகொள்ளும் வேகம் தனிக் கேள்வி. 1984இல் பிமன் பாக்சி, ஆக்ஸ்டோபி, பிளெமிங் மூவரும், ஒளியூட்டிய மூலக்கூறைச் சுற்றிக் கரைப்பான் திரும்பி அமையும்போது உமிழொளியின் நிறம் எப்படி நகரும் என்பதற்குக் கோட்பாடு தந்தனர். நீரில் அந்த அசைவின் முதல் பகுதி 50 ஃபெம்டோ வினாடிக்குள் முடிந்துவிடுகிறது என்று 1994இல் அளக்கப்பட்டது.

மின்வாகனங்களின் லித்தியம் பேட்டரிக்குள்ளும் எதற்கு எது அண்டை என்ற அதே கேள்விதான். மின்பகுளியில் லித்தியம் அயனியைப் பெரும்பாலும் நான்கு கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்கின்றன. புரோப்பிலீன் கார்பனேட் முதன்மைக் கரைப்பானாக இருந்தால் அது அயனியோடு கிராஃபைட்டுக்குள் நுழைந்து அடுக்குகளை உரிக்கும். எத்திலீன் கார்பனேட்டோ மேற்பரப்பில் சிதைந்து காப்புப்படலமாகப் படிகிறது. இரண்டு மூலக்கூறுகளுக்கும் வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதி.