அலைப் படமும் ஒலிபெருக்கியும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம், வயல்வெளி. கிழக்கே திரும்பினால் நல்லவாடு, கடல். இந்த வட்டாரத்துச் சிற்றூர்களில் இணையம் நுழைந்த கதை, நகரத்துக் கதையினின்றும் வேறானது. அதையே இங்குக் காணப் போகிறோம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். இணையப் பக்கங்களை நமக்குத் திரையில் காட்டும் கருவிநிரலுக்கு உலாவி என்று பெயர். ஜெனீவா நகரின் அருகே சேர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் வையவிரிவு வலைக்கு வித்திட்டார். 1993இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவி பிறந்தது. எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டியதால் அது விரைந்து பரவிற்று. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. ஆனால் மாணவர்களுக்கென்று அளிக்கப்பட்ட மலிவான இணைப்பில் எழுத்து மட்டுமே வரும், படம் வராது! தொலைபேசி வழியே அந்த எழுத்தும் ஊர்ந்துதான் வரும்.

தொலைபேசியே சரியாக இயங்காத சிற்றூரில் என்ன செய்வது? 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியுடன், வில்லியனூரை நடுவமாகக் கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கிழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் தகவல் மையங்கள் எழுந்தன. இடத்தை ஊரார் தரவேண்டும். பணியாற்றுவோரும் ஊராராகவே இருக்கவேண்டும். எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம். இவையே நிபந்தனைகள். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது, பெண்களே அதை நடத்தினர். கணிப்பொறிகளைக் காட்டிலும் இச்செய்தியே பெரிது என்பது என் கருத்து. தொலைபேசிக் கம்பிக்குப் பதிலாகக் கம்பியில்லாத் தொடர்பும், மின்சாரம் நின்றுபோகும் வேளைகளுக்குச் சூரிய ஒளி மின்கலங்களும் உதவின.

இனி வீராம்பட்டினத்திற்கு வருவோம். மீனவருக்கு வேண்டியது என்ன? நாளை கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதே. அமெரிக்கக் கடற்படையின் வானிலை நிலையம் உலகக் கடல்கள் அனைத்திற்கும் அலை உயரத்தைக் கணித்துப் படமாக இணையத்தில் வெளியிட்டு வந்தது. போர்க்கப்பல்களுக்காக வரையப்பட்ட அந்தப் படத்தில் வங்கக் கடலும் இருந்தது. வில்லியனூரில் இருந்தவர்கள் உலாவியில் அதைத் திறந்து, வேண்டிய செய்தியை எடுத்துத் தமிழில் பேசிப் பதிவுசெய்து கடற்கரை ஊருக்கு அனுப்பினர். அங்கே அது ஒலிபெருக்கியில் முழங்கிற்று. நகரத்தில் உலாவி ஒருவர் கண்ணுக்கு. இங்கே அது ஊரின் காதுக்கு!

தமிழ்த் தளங்களைக் காண்பதும் அக்காலத்தில் எளிதன்று. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு உங்கள் கணிப்பொறியில் இல்லையென்றால் புரியாத குறிகளே தெரியும். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுவான குறியீட்டையும் விசைப்பலகையையும் வகுக்க முயன்றது. பிறகு யூனிகோடு பரவியதால்தான் இத்தொல்லை தீர்ந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. நம் கரைக்குச் சுனாமி வந்து சேர இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாயிற்று. அந்த அலைப் படம் அன்று நல்லவாட்டைக் காப்பாற்றியதா? இல்லை, காப்பாற்றியிருக்கவும் முடியாது. அந்தப் படம் காற்று எழுப்பும் அலைகளைக் கணிப்பது. சுனாமியோ கடலடி நிலம் அசைவதால் பிறப்பது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் அங்கே அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. கரையருகே ஆழம் குறையும்போதே வேகம் தணிந்து, உயரம் ஓங்கும்.

காப்பாற்றியது ஒரு தொலைபேசி அழைப்பு. முன்பு நல்லவாட்டு மையத்தில் தொண்டாற்றிய ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குப் பேசினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, நாள்தோறும் அலை உயரம் சொல்லிவந்த அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 500 குடும்பங்கள் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஓர் உயிரும் போகவில்லை. வழக்கமாகக் கேட்டுப் பழகிய குரல் அது. அதனால்தான் மக்கள் தயங்காமல் எழுந்து ஓடினார்கள் என்று எண்ணுகிறேன்.

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் தோன்றியது. அலை உயரம் அறிய அமெரிக்கக் கடற்படையை நாடவும் இன்று தேவையில்லை. ஐதராபாத்திலுள்ள அதே நிறுவனம் அதைக் கணித்துத் தருகிறது, கைபேசிச் செயலியிலும் பார்க்கலாம். ஆனால் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. அதற்காக 2019இல் ஜெமினி என்னும் சிறு கருவி வெளியிடப்பட்டது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையைப் பெற்று, படகில் இருப்பவரின் கைபேசிக்கு அது மாற்றித் தருகிறது.